முன் பிரேக் கேபிள் வீட்டில் கட்டுவது: கம்பி, நிப்பிள், ஈயம், நீளம் (மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் பெயர்)

தாட்டோன் டிரம்

சீனத் தயாரிப்பு 125 சிசி மோட்டார் சைக்கிள், முன்னால் டிரம் பிரேக். ஹேண்டிலை 6 செ.மீ. உயர்த்தியிருக்கு. கடையில் கிடைக்கிற கேபிள் 8 செ.மீ. குறையுது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சா அவுட்டர் (கேபிளின் வெளியுறை) இழுபட்டு பிரேக் தானா பிடிக்குது. அதனால் புது கேபிளே கட்டணும்.

கையில் இருக்கிறது: படகுச் சாமான் கடையில் வாங்கின 2 மி.மீ. எவர்சில்வர் கம்பி (7×19 முறுக்கு), ரேடியோ வேலைக்கான 60/40 ஈயம் (பற்றவைக்கிற தகர-ஈயக் கலவை), 25 வாட் சூட்டுக்கோல், 8 மி.மீ. பித்தளைக் கம்பி, கை டிரில், வைஸ். லேத் கிடையாது.

இது போதுமா? நிப்பிள் (கம்பி முனையில் லீவர் குழிக்குள் உட்காருகிற உலோகக் குமிழ்) கழன்று வராம எப்படிக் கட்டுறது?

மோல்மீன் பட்டறை

தம்பி, பித்தளையும் டிரில்லும் வைஸும் ஆகும். மற்றதை எல்லாம் மாற்ற வேண்டும்.

முதலில் கம்பி. 7×19 என்றால் ஏழு புரி, ஒவ்வொரு புரியிலும் 19 இழை. நன்றாக வளையும், அதே அளவுக்கு நீளவும் செய்யும். கப்பியில் சுற்றி ஓடுகிற இடத்துக்கு அதுதான் சரி. பிரேக்குக்கு வேண்டியது 1×19. ஒரே புரி, 19 தடித்த இழை, சற்று விறைப்பு, நீட்சி குறைவு. ஒரே தடிமனில் பலமும் கூடுதல். எவர்சில்வரில் 2 மி.மீ. 7×19 சுமார் 210 கிலோவில் அறும், அதே 2 மி.மீ. 1×19 சுமார் 320 கிலோ தாங்கும். 2.5 மி.மீ. 1×19 என்றால் 500 கிலோவை ஒட்டி வரும்.

இந்தப் பலம் எதற்கு என்றால், லீவரின் அச்சாணியிலிருந்து நிப்பிள் குழிக்கு 30 மி.மீ., விரல் பிடிக்கிற இடத்துக்கு 120 மி.மீ. என்று வையுங்கள். ஒன்றுக்கு நாலு. சாதாரணமாகப் பிடித்தால் கை 10 கிலோ, கம்பியில் 40. நாய் குறுக்கே ஓடினால் கை 30 கிலோ அழுத்தும், கம்பியில் 120. பலசாலி ஒருவர் முழு மூச்சில் பிடித்தால் 200 வரை போகும். உங்கள் 2 மி.மீ. 7×19 அந்த இடத்தில் விளிம்பில் நிற்கிறது. முன் பிரேக்குக்கு 2.5 மி.மீ. 1×19 வாங்குங்கள்.

முடிந்தால் எவர்சில்வர் வேண்டாம், துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியே வாங்குங்கள். துரு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈயம் தயங்காமல் ஒட்டும். எவர்சில்வரில் ரேடியோ ஈயத்துக்குள் இருக்கிற குங்கிலியம் வேலை செய்யாது. ஈயம் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பூச்சு) தனியாக வேண்டும்.

25 வாட் கோல் 8 மி.மீ. பித்தளைக்கு எறும்பு கடித்த மாதிரி. மேலே ஈயம் உருகித் தெரியும், துளைக்குள்ளே குளிர்ந்தே இருக்கும். 100 வாட் கோல், இல்லாவிட்டால் சின்ன கேஸ் டார்ச். எல்லாவற்றிலும் நல்லது ஈயக்கிண்ணம். அதை ஈயக்கரண்டி சொல்லட்டும், அவர் பெயரே அதுதானே.

பெகு ரோடு

நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள் என்றால் நானும் கை தட்டுவேன். முன் பிரேக்கை வீட்டில் ஈயம் வைத்துக் கட்டுவது தேவையா? தொழிற்சாலை கேபிளில் நிப்பிளை அச்சில் வார்த்து ஏற்றுகிறார்கள். மரைக்கம்பி முனையை அழுத்திப் பிடிக்க வைக்கிறார்கள். இரண்டையும் வீட்டில் செய்ய முடியாது. 8 செ.மீ. குறைகிறது என்றால் நீளக் கேபிள் உள்ள வேறு மாடலைத் தேடலாமே. பழைய கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிப்பிள், அவுட்டர் நீளம், உள் கம்பி மிச்சம் மூன்றையும் ஒப்பிட்டால் பாதி நேரம் ஒன்று அகப்படும். ரங்கோன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் அங்கே அலைய வேண்டாம், மாந்தலே பக்கம் விசாரியுங்கள்.

மோல்மீன் பட்டறை

தேடிப் பார்க்கச் சொல்வது சரி. கிடைத்தால் அதுதான் முதல் வழி, மறுக்கவில்லை. கிடைக்காதபோது ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரண்டு கேபிளை வெட்டி நடுவில் ஸ்க்ரூ நிப்பிள் போட்டு இணைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது ஒழுங்காக ஈயம் வைத்தது எவ்வளவோ தேவலை.

ஸ்க்ரூ நிப்பிள் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருகு முனை இரண்டு மூன்று இழையை நசுக்கும், மற்றவை நழுவும். சோக்குக்குப் போடலாம். நடுவழியில் கிளட்ச் அறுந்தால் வீடு வந்து சேரப் போடலாம். பிரேக்கில் கூடாது.

ஈயக்கரண்டி

பெகு அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கேபிள் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஈயம் பசை மாதிரி ஒட்டிப் பிடிக்கும் என்று நம்பி, நேர்த்துளையில் கம்பியை நேராக விட்டு ஈயம் ஊற்றுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 8 மி.மீ. உருளை நிப்பிளில் கம்பி குறுக்கே போகிறது. குழிவுக்கு 2.5 மி.மீ. போனால் நேர்த்துளை 5.5 மி.மீ. மிச்சம். 2.5 மி.மீ. கம்பியின் சுற்றளவு 7.85. பெருக்கினால் ஒட்டும் பரப்பு 43 சதுர மி.மீ. ஒரு குறையும் இல்லாமல் ஈயம் பிடித்திருந்தால் சுமார் 150 கிலோ தாங்கலாம். வீட்டு வேலையில் பாதி இடம் வெற்றாக இருக்கும், அதனால் 75 என்று வையுங்கள். மேலே சொன்ன 120 எங்கே, இது எங்கே. போதாக்குறைக்கு ஈயம் மெல்ல மெல்ல இழுபடும் உலோகம். ஒரே தடவையில் 100 கிலோ தாங்குகிறது, தினமும் 40 கிலோவில் இழுத்தால் மாதக் கணக்கில் மயிரிழை மயிரிழையாக நகர்கிறது.

ஆகவே பிடிப்பு வடிவத்தில் இருக்க வேண்டும். துளையின் கடைவாயில், அதாவது இழுபடும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், கூம்புக் குழிவு. அதற்குள் 19 இழையும் காளான் குடை மாதிரி விரிந்து உட்கார வேண்டும். ஈயம் அந்த இடைவெளியை நிரப்பி இழைகளைக் கூடவிடாமல் நிறுத்துகிறது. இப்போது நிப்பிள் கழல வேண்டுமென்றால் விரிந்த குடை மொத்தமும் சுருங்கி 2.6 மி.மீ. துளைக்குள் வர வேண்டும்.

நிப்பிள் செய்யும் விதம், லேத் இல்லாமல்:

பித்தளைக் கம்பியை வெட்டுவதற்கு முன்பே துளையிடுங்கள், பிடிக்க வசதி. கட்டையில் அரத்தால் வி வடிவப் பள்ளம் எடுத்து அதில் படுக்க வைத்து வைஸில் இறுக்குங்கள். நடுக்கோட்டில் பஞ்ச் புள்ளி. 1.5 மி.மீ. பிட்டில் முதல் துளை, பிறகு 2.6. துளை நடுவை விட்டு அரை மி.மீ. விலகினால் நிப்பிள் லீவரில் சாய்ந்து உட்காரும், அதைத் தூக்கிப் போடுங்கள். கடைவாயில் 6 மி.மீ. பிட்டைக் கையால் திருப்பி 5 மி.மீ. அகலத்துக்குக் குழிவு. எதிர்வாயிலும், கம்பி வெளியே வருகிற இடத்தில், அதே பிட்டை ஒரே ஒரு சுற்று. கூர் விளிம்பு போனால் போதும். இந்த ஒரு சுற்றை விட்டுவிட்டால் அந்த விளிம்பே கத்தியாகி ஆறு மாதத்தில் இழையை அறுக்கும். கடைசியில் லீவர் குழியின் ஆழத்துக்கு வெட்டி அரத்தால் சீர் செய்யுங்கள்.

கம்பியை விரிக்க: இரண்டு ஆங்கிள் துண்டை முகத்தோடு முகம் வைத்து இறுக்கி, சேரும் கோட்டில் 2.3 மி.மீ. துளை. பிரித்தால் ஆளுக்குப் பாதி. கம்பியில் நிப்பிளைக் கோர்த்துக் கீழே தள்ளிவிட்டு, கம்பியை இந்தத் தாடையில் வைத்து 3 மி.மீ. மேலே நீட்டி இறுக்குங்கள். கூர்முனைப் பஞ்சை நடு இழைமேல் வைத்து மெல்லத் தட்டினால் இழைகள் பூவாக விரியும். ஓங்கி அடித்தால் நடு இழை வளைந்து பக்கத்தில் படுத்துவிடும், அது பலமில்லாத பூ. நிப்பிளை மேலே இழுத்தால் பூ குழிவுக்குள் உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளிப் பற்று, பித்தளைப் பற்று (வெள்ளிக் கலவை, பித்தளை உருக்கி ஒட்டுவது) இன்னும் பலமாச்சே என்று நினைக்காதீர்கள். அதற்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இந்தக் கம்பி குளிர்நிலையில் இழுத்து இழுத்துப் பலமேற்றப்பட்டது. சிவக்கச் சுட்டால் அந்தப் பலம் மொத்தமும் போய் மெத்தென்று ஆகிவிடும். நிப்பிள் கல் மாதிரி இருக்கும், அதற்கு ஒரு விரல் தள்ளிக் கம்பி அறும். 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. வெள்ளி 4 சதவீதம் சேர்ந்த தகர ஈயம் 221 டிகிரி, பலமும் கூடுதல். கிடைத்தால் அதை எடுங்கள்.

தாட்டோன் டிரம்

அண்ணே, ஈயக்கிண்ணம் எப்படி?

ஈயக்கரண்டி

சின்ன இரும்புக் கரண்டி அல்லது அடி கனமான இரும்புக் கிண்ணம், 3 செ.மீ. ஆழத்துக்கு ஈயம், கேஸ் அடுப்பு. சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், ஈயம் பட்ட பாத்திரம் மறுபடி அடுக்களைக்குப் போகக் கூடாது. வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி.

சூடு சரியா என்று பார்க்க, செய்தித்தாள் துண்டை முக்கி எடுங்கள். பழுப்பானால் போதும். கருத்துப் புகைந்தால் அதிகம், தீயைக் குறைக்க வேண்டும். மேலே படிந்த சாம்பல் ஆடையைத் தகரத் துண்டால் ஒதுக்கிவிட்டு முக்குங்கள்.

கம்பி முனையை முதலில் பெட்ரோலில் கழுவி எண்ணெய் போக்குங்கள், பிறகு ஃபிளக்ஸ். பூசிய முனையை உருகிய ஈயத்துக்கு மேலே பிடித்துச் சற்று உலர வைத்த பிறகே உள்ளே விடுங்கள். ஈரத்தோடு விட்டால் நீராவி வெடித்து ஈயம் முகத்துக்கு வரும். கண்ணாடி போடாமல் இந்த வேலைக்கு உட்காராதீர்கள். குடைப்பக்கம் கீழே இருக்க, நிப்பிள் மறையும் அளவுக்கு மட்டும் முக்கி, குமிழி நிற்கும் வரை, பத்துப் பதினைந்து எண்ணும் நேரம். எடுத்து ஆட்டாமல் பிடியுங்கள். உறையும்போது அசைந்தால் ஈயம் மணல் மாதிரி மங்கிப்போகும், அந்த ஈயம் நொறுங்கும்.

நிப்பிளுக்கு 3 மி.மீ. மேலே ஈரத்துணி சுற்றிய இடுக்கியால் கம்பியைக் கவ்வுங்கள். அது இல்லாவிட்டால் ஈயம் திரியில் எண்ணெய் ஏறுவது போல் இழைகளுக்கு நடுவே ஏறி, இரண்டு மூன்று செ.மீ. கம்பி விறைத்த ஆணியாகிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் எல்லா வளைவும் வந்து குவியும். அறுந்த வீட்டுக் கேபிளை எடுத்துப் பாருங்கள், அநேகமாக அந்த இடம்தான்.

பாகக்கடை

ஃபிளக்ஸ் பத்தி யாரும் முழுசாச் சொல்லலையே. உப்பு அமிலத்தில் துத்தநாகத் துண்டு போட்டுக் குமிழி நின்னதும் கிடைக்கிற திரவம் பழைய பட்டறைகள்ல ஓடுது. துத்தநாகம் பூசின கம்பிக்கும் பித்தளைக்கும் நல்லாவே பிடிக்கும். தயாரிக்கும்போது வர்ற வாயு தீப்பிடிக்கும், பீடி பக்கத்துல இருக்கக் கூடாது. முக்கியமானது அதுக்குப் பிறகு: மிச்சம் இழைகளுக்குள்ள தங்கினா ஒரு மழைக்காலத்துல உள்ளேயே அரிச்சுடும். சமையல் சோடா ரெண்டு ஸ்பூன் ஒரு குவளை வெந்நீர்ல கலந்து அஞ்சு நிமிஷம் ஊற வச்சு, நல்ல தண்ணில அலசி, வெயில்ல காய வச்சு, எண்ணெய் தடவணும்.

இப்ப அவுட்டர். கடைக்கு வந்து "அவுட்டர் குடுங்க"ன்னா எதையாவது குடுத்துடுவாங்க. நீங்க பார்க்க வேண்டியது மூணு. ஒண்ணு, உள்ளே தட்டைக் கம்பியை நெருக்கமா சுருள் சுத்தினதா இருக்கணும். வெட்டு முனையில ஸ்பிரிங் மாதிரி தெரியும். சைக்கிள் கியர் அவுட்டர்ல கம்பிகள் நீளவாக்குல ஓடும், அது பிரேக் அழுத்தத்துல பிளந்து வெடிக்கும். வெளியே ரெண்டும் ஒரே கறுப்பு, அதனால வெட்டு முனையைக் காட்டச் சொல்லிப் பார்த்துட்டு வாங்குங்க. ரெண்டு, உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கணும். மூணு, 2.5 கம்பி விட்டா தாராளமா ஓடணும், அதாவது உள்துளை 3 மி.மீ.யை ஒட்டி.

ரெண்டு முனைக்கும் தொப்பி, லீவர் பக்கம் ரப்பர் மூடி. தொப்பி இல்லாம அவுட்டரை அட்ஜஸ்டர்ல (கேபிளை இறுக்கித் தளர்த்துற மரைத் திருகு) நேரா முட்ட வச்சா சுருள் பிரிஞ்சு உள்ளே போகும், லீவர் ரப்பரைப் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

வெட்டும்போது இடுக்கி வேண்டாம், சுருள் நசுங்கும். உள்ளே பழைய கம்பித் துண்டு ஒண்ணைச் சொருகி வச்சு ஹாக்சாவாலயோ மெல்லிசு சாணைத்தட்டாலயோ வெட்டுங்க. முகத்தை அரத்துல சமமாக்கி, உருகி மூடின பிளாஸ்டிக் வாயைக் கூர் ஊசியால திறந்து விடுங்க. இன்னர், அதாவது உள் கம்பி, வெட்டுற இடத்துல முதல்ல கொஞ்சம் ஈயம் வச்சு, அதுக்கு மேல கூர் உளியால ஒரே அடி.

தாட்டோன் டிரம்

2.5 மி.மீ. 1×19 வரும் வரை கையிலிருந்த 2 மி.மீ. எவர்சில்வரில் மாதிரி கட்டிப் பார்த்தது. முடிவு இது:

மாதிரி 1: குழிவு இல்லை, நேர்த்துளை. 55 கிலோவில் நழுவியது.
மாதிரி 2: குழிவு, பூ விரித்தது, 25 வாட் கோல். 90 கிலோவில் 1 மி.மீ. நகர்ந்தது. அரத்தால் பாதியாக அறுத்துப் பார்த்தால் குழிவில் மட்டும் ஈயம், துளைக்குள் ஒன்றும் இல்லை.
மாதிரி 3: கிண்ணம், பாஸ்பாரிக் ஃபிளக்ஸ். 110 கிலோவில் நகரவில்லை, அதற்கு மேல் தூக்க எடை இல்லை. ஆனால் நிப்பிளுக்கு மேல் 2 செ.மீ. விறைத்துக் கிடக்கிறது.

ஈயக்கரண்டி

மூன்றும் பாடப்புத்தகம் மாதிரி வந்திருக்கிறது. 2வது, குளிர்ந்த துளை. 3வது, இடுக்கி கவ்வவில்லை அல்லது துணி காய்ந்துவிட்டது. கேபிளை நெட்டுக்குத்தாகப் பிடித்தீர்களா, சாய்த்தா? சாய்த்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறும்.

நீளக்கணக்கு

எடை இல்லாததற்கு வழி: நெம்புகோல். 1.5 மீட்டர் இரும்புக் குழாய். ஒரு முனையைத் தூணில் கீல் மாதிரி கட்டுங்கள். அங்கிருந்து 30 செ.மீ.யில் கேபிளின் கீழ் முனை, கேபிளின் மேல் முனை உத்தரத்தில். குழாயின் மறுமுனையில் 30 கிலோ அரிசி மூட்டை தொங்கினால் கேபிளில் 150 கிலோ. நம்ம பர்மா வீசைக் கணக்கில் சொன்னால் பதினெட்டரை வீசை தொங்கினால் 92 வீசை இழுக்கும். குழாயின் சொந்த எடை இதற்கு மேல் சேரும், அது நல்லதே.

நிப்பிளை வெறும் வளையத்தில் மாட்டாதீர்கள், பழைய லீவரில் மாட்டுங்கள். நிஜத்தில் எப்படி உட்காருமோ அப்படியே சோதிக்க வேண்டும். கம்பி வெளியே வரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு. 10 நிமிடம் தொங்கவிட்டுக் கோட்டைப் பாருங்கள். அரை மி.மீ. நகர்ந்தாலும் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி. கேபிள்மேல் ஈரச்சாக்கு போர்த்துங்கள், அறுந்தால் சவுக்கு மாதிரி அடிக்கும்.

இனி நீளம். இங்கே குழம்புகிறவர்கள் அதிகம். அளக்க வேண்டியவை இரண்டு: தொப்பி முனையிலிருந்து தொப்பி முனை வரை அவுட்டர், நிப்பிள் நடுவிலிருந்து நிப்பிள் நடு வரை இன்னர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சக்கம்பி. ஹேண்டில் உயர்ந்தால் அவுட்டர் எவ்வளவு கூடுகிறதோ இன்னரும் அதே அளவு கூடும், மிச்சக்கம்பி மாறாது. பழைய கேபிளில் அவுட்டர் 1050, இன்னர் 1170 என்றால் மிச்சம் 120. புதியதில் அவுட்டர் 1130, இன்னர் 1250. அட்ஜஸ்டரை முக்கால்வாசி உள்ளே திருகிய நிலையில் வைத்து அளவெடுங்கள். பிறகு ஷூ தேயத் தேய வெளியே திருக இடம் இருக்கும். புதுக் கம்பி முதல் சில நாளில் 2, 3 மி.மீ. படிந்து நீளும், அதற்கும் அது உதவும்.

கணக்குப் போடும் முன் பழைய அவுட்டரையே வண்டியில் புது வழியில் கட்டிப் பாருங்கள், அல்லது தோட்டக்குழாய்த் துண்டு. ஹேண்டிலை இரு பக்கமும் முழுசா ஒடித்து, முன் சஸ்பென்ஷனை அமுக்கி, தூக்கி, எந்த நிலையிலும் இழுபடவும் கூடாது, சக்கரத்தில் உரசவும் கூடாது.

வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உரசல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. எல்லா வளைவையும் சேர்த்தால் 180 டிகிரி என்று வையுங்கள். பிளாஸ்டிக் குழாய் உள்ள அவுட்டரில் உரசல் எண் 0.1, கையில் கொடுத்த இழுவையில் 73 சதவீதம் டிரம்முக்குப் போகும். வெறும் இரும்பு அவுட்டரில் 0.2, 53 சதவீதம்தான். அதே பிளாஸ்டிக் அவுட்டரில் வளைவு 90 டிகிரியாகக் குறைந்தால் 85. பிரேக் பிடிக்கவில்லை என்று ஷூ மாற்றுகிறவர்கள் பாதிப் பேர் கேபிளின் பாதையைப் பார்ப்பதில்லை. எந்த வளைவும் 10 செ.மீ. ஆரத்துக்குக் குறைய வேண்டாம்.

பாகக்கடை

இன்னொண்ணு. ரெண்டாவது முனையில ஈயம் வைக்கிறதுக்கு முன்னால கோர்க்க வேண்டியதை எல்லாம் வரிசையாக் கோர்த்தாச்சான்னு பாருங்க: ரப்பர் மூடி, அட்ஜஸ்டர், அதோட பூட்டு நட்டு, தொப்பி, அவுட்டர், அடுத்த தொப்பி, கீழ் ரப்பர், ரெண்டாவது நிப்பிள். எல்லாரும் மறக்கிறது அந்தப் பூட்டு நட்டுதான். அதுக்காக நல்ல நிப்பிளை வெட்டணும்னா வயிறு எரியும்.

பெகு ரோடு

சரி, என் எதிர்ப்பைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். 150 கிலோ சோதனை செய்தால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கிரீஸ் பற்றி ஒரு வார்த்தை. கட்டி முடித்ததும் கேபிள் நிறைய கிரீஸ் அடைத்தால் மழைக்கு நல்லது. மோல்மீனில் வருஷத்துக்கு 4500 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது, வெறுமனே விட முடியாது.

மோல்மீன் பட்டறை

அதில் உடன்பாடில்லை அண்ணே. பிளாஸ்டிக் குழாய் உள்ள அவுட்டரில் கெட்டிக் கிரீஸ் அடைத்தால் செம்மண் தூசியோடு சேர்ந்து அரைத்த மாவாகிவிடும். லீவர் விட்டால் மெதுவாகத் திரும்பும், பிரேக் உரசிக்கொண்டே ஓடும். மெல்லிய எண்ணெய் சில சொட்டு போதும். வெறும் இரும்பு அவுட்டர் என்றால் கட்டாயம் எண்ணெய் வேண்டும். மேல் முனையில் பாலிதீன் பையைப் புனலாகக் கட்டி இன்ஜின் ஆயில் ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிட்டால் கீழே சொட்டும். துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள், அது இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

கிரீஸ் வேண்டிய இடம் நிப்பிள்தான். லீவர் குழிக்குள் நிப்பிள் சுழல வேண்டும். சுழலாமல் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் கம்பி நிப்பிள் வாயில் மடிகிறது. தொழிற்சாலைக் கேபிளும் அங்கேதான் அறுகிறது. குழியில் பெயிண்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள்.

தண்ணீர் மேலிருந்து நுழைகிறது, அதனால் மேல் ரப்பர் மூடி கச்சிதமாக இருக்கட்டும். கீழ் முனையை அடைக்காதீர்கள், வந்த தண்ணீர் போக வழி வேண்டும். கேபிள் தொங்கி மேலேறுகிற மாதிரி பாதை வைத்தால் அந்தத் தொங்கலில் தண்ணீர் தேங்கும். மழையைவிட மோசம் ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா. நாலு நாளும் ஹேண்டில்மேல் குறிவைத்து வாளி வாளியாக ஊற்றுவார்கள். அது முடிந்ததும் ஒரு தடவை மேல் முனையைக் கழற்றிப் பாருங்கள்.

தாட்டோன் டிரம்

கடைசிச் சிக்கல். டிரம் பக்கம் நிப்பிள் இல்லை. கம்பி முனையில் 6 மி.மீ. மரைக்கம்பி, அதில் நட்டு. பழையதைச் சூடாக்கிக் கழற்றப் பார்த்தால் அசையவில்லை.

ஈயக்கரண்டி

அசையாது, அது ஈயம் இல்லை, அழுத்திப் பிடிக்க வைத்தது. விட்டுவிடுங்கள்.

இரண்டு வழி. ஒன்று, லேத் கடையில் எம்6 இரும்பு போல்ட் 40 மி.மீ. கொடுத்துத் தலையை வெட்டி, நீளவாக்கில் நடுவில் 2.6 மி.மீ. துளை. கையால் போட்டால் 40 மி.மீ. ஆழத்தில் துளை பக்கவாட்டில் வெளியே வந்துவிடும், அதனால் லேத் கட்டாயம். கூம்புக் குழிவு போல்ட்டின் கடைசி முனையில், கம்பி நுழையும் வாய்க்கு எதிர்ப்புறம். துளை போன பிறகு மிஞ்சுகிற இரும்பு சுமார் 15 சதுர மி.மீ., சாதாரண இரும்பிலும் 400 கிலோவுக்கு மேல் தாங்கும். பித்தளை போல்ட் வேண்டாம்.

இரண்டாவது சுலபம்: பிரேக் ஆர்மில் (டிரம்மில் கம்பி இழுக்கிற கை) இருக்கிற குறுக்கு ஊசியையே நிப்பிளாக்குவது. அதே அளவில் பித்தளை ஊசி செய்து, துளை, குழிவு, ஈயம், எல்லாம் மேலே மாதிரியே. அட்ஜஸ்ட் செய்கிற வேலை முழுக்க மேலே லீவர் பக்கமும் டிரம் தட்டில் அவுட்டர் முட்டுகிற இடத்திலும் வந்துவிடும். அங்கே மரை அட்ஜஸ்டர் இல்லாவிட்டால் இந்த வழி ஆகாது.

நீளக்கணக்கு

மாட்டும்போது ஆர்ம் கோணத்தையும் பாருங்கள். பிரேக் முழுசாப் பிடித்த நிலையில் கம்பிக்கும் ஆர்முக்கும் 90 டிகிரி வரலாம், அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எவ்வளவு இழுத்தாலும் பலம் குறையும். ஆர்மை அது உட்காரும் அச்சின் பற்களில் ஒரு பல் மாற்றிப் போட்டால் சரியாகும். ஆனால் ஷூ தேய்மானக் குறி எல்லையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தேய்ந்த ஷூவை மறைக்கப் பல்லை மாற்றாதீர்கள்.

லீவர் நுனியில் 20 மி.மீ. அளவு சும்மா ஆட்டம் இருக்கட்டும். நின்ற நிலையில் 200 தடவை பலமாகப் பிடித்து விட்டு, நகப்பூச்சுக் கோட்டை மறுபடி பாருங்கள். பிறகு 100 கி.மீ.யில், பிறகு மாதம் ஒருமுறை. நிப்பிள் வாயில் ஒரே ஒரு இழை முறிந்து நீட்டியிருந்தாலும் கேபிள் முழுக்கப் போக வேண்டியதுதான். ஒன்று போனால் மிச்சம் 18 என்று நினைக்காதீர்கள், அதே இடத்தில் அதே வளைவைத் தின்ற மற்றவையும் அடுத்தடுத்து வரும்.

தாட்டோன் டிரம்

2.5 மி.மீ. 1×19 துத்தநாகம் பூசினது, டிரம் பக்கம் குறுக்கு ஊசி வழி. அவுட்டர் 1130, இன்னர் 1250. நெம்புகோலில் 30 கிலோ, பத்து நிமிடம். மேல் கோடு நகரவில்லை. கீழ் ஊசியில் கால் மி.மீ. நகர்ந்த மாதிரி தெரியுது, நகப்பூச்சு வெடிச்சதா கம்பி நகர்ந்ததான்னு புரியலை.

ஈயக்கரண்டி

பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு மெல்லிசாகப் போட்டு, மறுபடி பத்து நிமிடம். இரண்டாம் தடவை கோடு முழுசாக இருந்தால் இழைகள் குழிவில் படிந்த அசைவு அது, விடலாம். மறுபடி நகர்ந்தால் ஊசியை வெட்டிவிடுங்கள். 10 மி.மீ. இன்னர் போகும், அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.